கட்டிலின் இடப்பக்கம் இருந்தவனுக்கு

மகன்,

இந்தத் தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருப்பதைக் காண்பாய். அதைக் கீறியவள் உன் தங்கச்சி. ஒவ்வொரு வரியும் முடிந்ததும் நான் அந்தக் கோட்டைத் தேடிப் போகவேண்டும். அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிக்கொண்டே போகவேண்டும். கண்ட பிறகுதான் அடுத்த வரி. இது அவள் எனக்குப் போட்டிருக்கும் சட்டம். கோடு இல்லாவிட்டால் தாளின் நடுவிலிருந்து எழுதத் தொடங்குவேன், முழுத்தாளையும் நிரப்பிவிட்டதாகவே நினைத்துக்கொள்வேன். இந்த ஒரு பக்கத்துக்கே காலைப்பொழுது முழுக்கப் போய்விட்டது. எழுத்து ஆடுகிறதே என்று பார்க்காதே. வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, ஆட்டம் வயசால் வந்தது.

போன கிழமை தங்கச்சி உன்னுடைய கடிதத்தை எனக்குக் காட்டினாள். அப்பாவிடம் காட்டாதே என்று நீ எழுதியிருந்தாய். அவளைக் கோபிக்காதே, அதை மறைத்து வைத்துக்கொண்டு அவளால் இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் நீ வராததற்குக் கப்பலில் லீவு கிடைக்கவில்லை என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒரு வருஷம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்காவது வா என்று அவள் கேட்டதற்கு நீ இப்படிப் பதில் போட்டிருக்கிறாய்: “வந்தால் அப்பா என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். வீட்டுக்குள் அதை ஒருதரம் தாங்கினேன். சனத்துக்கு முன்னால் இன்னொருதரம் தாங்க எனக்கு ஏலாது.”

அந்த வரிகளை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. திவசம் வருகிற மாதம். உன் அம்மாவுக்கு நீ ஒருவன்தான் மகன், கொள்ளியைப் பெரியப்பாவின் மகன் வைத்தான். திவசத்துக்கு நீ வரவேண்டும். அதைக் கேட்பதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் வா என்று ஒரு சொல்லில் எழுதிவிட எனக்கு வாய் வரவில்லை. நான் ஏன் சுவரைப் பார்த்தேன் என்று முதலில் சொல்லவேண்டும். அதற்கு மனுஷ மூளையைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். முப்பது வருஷம் துறைமுகத்து லோஞ்சுப் படகில் சுக்கான் பிடித்த மனுஷன் மூளையைப் பற்றி எழுதுகிறானாம் என்று சிரிப்பாய். சிரி, அந்தச் சிரிப்பைப் பார்த்து ஐந்து வருஷமாகிறது.

அதற்கும் முதல் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் பழி முழுவதையும் மூளைமேல் போட்டுவிட்டு நான் தப்பினவனாவேன். நீ கப்பலேறிய நாள். வெளிநாட்டுத் தேயிலைக் கப்பல் உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நின்றது, ஆட்களை ஏற்றிப்போகும் முறை அன்றைக்கு என்னுடையது. என்னோடு அதே லோஞ்சில் வேலை செய்ய உனக்கு ஓர் இடம் கேட்டு, துறைமுகக் கந்தோரில் அதிகாரிகளுக்கு முன்னால் எத்தனை நாள் கைகட்டி நின்றிருப்பேன். கிடைத்த இடத்தை நீ வேண்டாம் என்றாய். உனக்குப் பெரிய கடல் வேண்டியிருந்தது. படகுத்துறை ஜெட்டியிலிருந்து கப்பல்வரை நீ எனக்குப் பின்னால் பலகையில் இருந்தாய், நான் ஒருதரமும் திரும்பவில்லை. ஏணியில் கால் வைத்துக்கொண்டு “அப்பா, போட்டு வாறன்” என்றாய். நான் கயிற்றைப் பார்த்தேன். எஞ்சின் பார்க்கும் இஸ்மாயில் நானா, பத்து வருஷமாக என்னோடு நின்ற மனுஷன், கீழேயிருந்து தலையை நீட்டி, “சுக்கானி, மகன் பேசுறார்” என்றார். எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே முகத்தை மற்றப் பக்கம் திருப்பினேன். அப்போது என் மூளையில் ஒரு குறையும் இல்லை. அதைச் செய்தவன் நான்.

இரண்டு வருஷம் போனது. நீ அம்மாவுக்கு எழுதினாய், தங்கச்சி வாசித்துக் காட்டுவாள், நான் முற்றத்தில் வலை தைப்பதுபோல் இருந்து எல்லாவற்றையும் கேட்பேன். பிறகு ஒருநாள் காலையில் இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தேன். தலையின் வலப்பக்கத்தில் ஓர் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது, இடக்கையும் இடக்காலும் விழுந்துபோயின. மூன்று கிழமை ஆஸ்பத்திரி. வீட்டுக்கு விடும்போது நேர்ஸ் ஒருத்தி அம்மாவிடம், “அம்மா, கட்டிலைச் சுவரோடு போடுறதெண்டா அவரின்ரை இடப்பக்கம் சுவர் வாறமாதிரிப் போடுங்கோ. ஆக்கள் வலப்பக்கத்தாலை வரட்டும்” என்று சொல்லியிருக்கிறாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

நம்முடைய அறை உனக்குத் தெரியும். குறுக்கே கட்டில் போட இடமில்லை. மேற்கே வாசல், கிழக்கே சுவர். நேர்ஸ் சொன்னபடி செய்தால் எனக்குத் தலைமாடு வடக்கே வரும். அம்மா ஒரே பிடியாய் நின்றாள். “வருத்தக்காரனைப் போய் வடக்கை தலை வைச்சுக் கிடத்துறதோ? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்.” தெற்கே தலை வைத்தார்கள். சுவர் என் வலப்பக்கம் வந்தது. வாசலும் உட்காரும் கதிரையும் வருகிற போகிற சனமும் இடப்பக்கம்.

தந்தி கண்டு நீ வந்தாய். அந்தக் கதிரையில் இருந்தாய். மூன்று நாள்.

எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். உன் குரல் கேட்டது. அது சுவருக்குள்ளிருந்து கேட்டது. “அப்பா” என்று கூப்பிட, நான் குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன், அங்கே சுண்ணாம்பு மட்டும் இருந்தது. மறுபடி கூப்பிட்டாய், இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டு தேடினேன். அப்படியானால் கடலில் உனக்கு ஏதோ நடந்துவிட்டது, செத்தவனுடைய குரல்தான் கேட்கிறது என்று நினைத்துப் பயந்தேன். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, “அவனுக்குத் தந்தி அடிச்சனீங்களோ? அவன் வரேல்லையோ?” என்று கேட்டேன். நீ பக்கத்தில் இருக்கக் கேட்டேனாம். அம்மா பதறிப்போய், “இஞ்சருங்கோ, பிள்ளை கண்ணுக்கு முன்னாலை இருக்க இப்பிடியே கதைக்கிறது?” என்றாளாம். “எந்தப் பிள்ளை?” என்று கேட்டேனாம். இதெல்லாம் தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் இன்னொன்றும் சொன்னாள். நீ மூன்று நாளும் என் இடக்கையை மடியில் வைத்து எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தாயாம். நாலாம் நாள் விடிய, “நான் பிடிச்ச கையை ஒருக்காலாவது அவர் திருப்பிப் பிடிக்கேல்லை, தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போனாயாம்.

மகன், அந்தக் கை எனக்கு இருந்தது என்றே எனக்குத் தெரியாது.

நீ போய் ஒரு மாதம் இருக்கும். இஸ்மாயில் நானா கிண்ணியாவிலிருந்து வாழையிலையில் சுற்றி ஓர் ஆட்டு மூளை கொண்டுவந்தார். மூளையில் வருத்தமென்றால் மூளை சாப்பிடவேண்டும் என்பது அவருடைய வைத்தியம். அம்மா அதைப் பொரிக்கக் குசினிக்குக் கொண்டுபோகப் போனாள். அப்போது தங்கச்சி உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். “கொஞ்சம் நில்லுங்கோ அம்மா” என்று அவள் மறித்து, அதை எனாமல் தட்டில் வைத்து, ஓர் ஈர்க்கை முறித்துக்கொண்டு என் வலப்பக்கமாகக் கட்டிலில் ஏறி, சுவருக்கும் எனக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு இருந்தாள். அந்தப் பக்கம் இருந்தால்தான் நான் அவளோடு கதைக்கிறேன் என்று அதற்குள் அவள் கண்டுபிடித்திருந்தாள். தனியே போய் டொக்டரிடமும் கேட்டு வந்திருந்தாள்.

“இது பெருமூளை, அப்பா. ரெண்டு பாதி, நடுவிலை பள்ளம். மனுஷருக்கு இதைவிட நல்லாப் பெரிசு, மடிப்பும் கூட” என்றாள். ஈர்க்கால் முன்பக்கத்தைத் தொட்டாள். யோசிப்பதும் முடிவெடுப்பதும் கோபத்தை அடக்குவதும் அங்கேயாம். “உங்களுக்கு அது முந்தியே கொஞ்சம் குறைவு.” காதோரப் பக்கத்தில் கேட்பதும் ஞாபகமும். கண் முகத்தில் இருந்தாலும் பார்ப்பது பிடரிப்பக்கத்து மூளையாம், இதை நான் நம்பவே இல்லை. அடியில் உருண்டையாகச் சிறுமூளை. வாடைக்காற்றில் லோஞ்சு குதிக்கும்போது நான் விழாமல் நின்றது அதனால்தானாம். அதற்கும் கீழே தண்டு. நாம் நினைக்காமலே மூச்சு விடுவதும் நெஞ்சு அடிப்பதும் அதன் வேலை. அது போனால் ஆள் போய்விடும். பேச்சு பெரும்பாலான ஆட்களுக்கு இடப்பாதியில் இருக்கிறது. “உங்களுக்கு அடைச்சது வலப்பாதியிலை. அதுதான் வாய் இன்னும் குறையாமல் இருக்கு” என்றாள். நானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வலப்பாதியில் அடைத்ததற்கு இடக்கை ஏன் விழவேண்டும் என்று கேட்டேன். தண்டின் அடியில் நரம்புகள் ஒன்றையொன்று கடந்து பக்கம் மாறுகின்றன என்றாள். அது எனக்கு விளங்கியது. சின்னப் படகில் சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும், அதை அறியாதவன் கடலுக்குப் போகமுடியாது. அவள் ஈர்க்கை வலப்பாதியின் மேலே, கொஞ்சம் பின்னால் வைத்தாள். “எந்தச் சாமான் எங்கை கிடக்கு, எங்கடை உடம்பு எங்கை கிடக்கு எண்டு பாக்கிற இடம் இது. உங்களுக்கு இதுதான் பழுது. கண்ணிலை ஒண்டுமில்லை. காதிலையும் ஒண்டுமில்லை. இடப்பக்கம் எண்டு ஒண்டு இருக்கெண்டதையே உங்கடை மூளை விட்டிட்டுது.”

“விசர்க்கதை கதையாதை” என்றேன். எனக்கு எல்லாம் முழுசாகவே தெரிந்தது. இல்லாததை இல்லை என்று அறிவதற்கும் அந்த இடமேதான் வேண்டுமாம், அது எனக்கு அப்போது எப்படித் தெரியும். அண்ணா வந்தவர், உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் என்று அவளும் அம்மாவும் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததையும் நான் நம்பவில்லை. நீ வரவில்லை, என் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன்.

அம்மா மூளையைப் பொரித்துச் சோற்றோடு தந்தாள். கண்டதைச் சாப்பிட்டு முடித்து, இவ்வளவும் கதைத்துவிட்டு இத்தனை கொஞ்சமோ என்று நான் புறுபுறுத்தேன். நானா கையை நீட்டி என் தட்டை அரைவட்டம் சுற்றி வைத்தார். தட்டில் மறுபடி சோறு இருந்தது, பொரியலும் இருந்தது. “இப்பதானே போட்டனீங்கள்” என்று அம்மாவைப் பார்த்துச் சத்தம் போட்டேன். “ஒருத்தரும் போடல்ல, சுக்கானி. அது அங்கதான் இரிந்திச்சி” என்றார் நானா.

அப்போதும் நான் அசையவில்லை. தங்கச்சி கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துப் பென்சிலையும் தந்தாள். “உங்கடை லோஞ்சைக் கீறுங்கோ அப்பா. பின்னாலை நிண்டு பாத்தா எப்பிடித் தெரியுமோ அப்பிடி.” கண்ணை மூடிக்கொண்டும் கீறுவேன் என்றேன். கீறினேன். மேல்தட்டு, கைபிடிக் கம்பி, டயர், விளக்கு. கவனமாகத்தான் கீறினேன். அவள், “பச்சை விளக்கு இருக்கே?” என்று கேட்டாள். காட்டினேன். “சிவப்பு?” “அதுவும் கிடக்கு.” “தொட்டுக் காட்டுங்கோ.” தேடினேன். அவள் தாளைத் தலைகீழாகத் திருப்பினாள்.

வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு. நீ சின்னவனாக இருந்தபோது உனக்கு நான் முதன்முதல் சொல்லிக்கொடுத்தது அதுதான். மூதூருக்குப் போய் வரும் வழியெல்லாம் “எந்தப் பக்கம்? எந்த நிறம்?” என்று கேட்டு உன் உயிரை எடுத்திருக்கிறேன். சிவப்பு விளக்குப் பற்றவில்லை என்று ஒரு அதிகாரியையே ஜெட்டியில் அரைமணித்தியாலம் காக்கவைத்தவன் நான். அந்தத் தாளில் பாதி லோஞ்சு இருந்தது. நடுவில் வெட்டி எறிந்தமாதிரி மற்றப் பாதி வெறுந்தாள். கீறியது என் கை. இதில் யாரும் எனக்குப் பொய் சொல்லியிருக்க முடியாது.

“அப்ப அவன் வந்தவனோ?” என்று கேட்டேன்.

“வந்தவர், அப்பா. மூண்டு நாள் இருந்தவர்.”

நான் அழுதேன். நானா எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அம்மா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே நானாவைக் கூப்பிட்டு, “தம்பி, உந்தக் கட்டிலைத் திருப்பிப் போடுவம்” என்றாள். இருவருமாகப் பிடித்து வடக்கே தலைமாடு வரப் போட்டார்கள். அவள் விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டுப் போனாள். சாகும்வரை அவளுக்கு அதுவே நெஞ்சில் கிடந்தது. “அண்டைக்கே திருப்பியிருந்தா நீங்கள் பிள்ளையைக் கண்டிருப்பியள்” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள். கட்டிலை வடக்கே போட்டதால்தான் அவள் போனாள் என்று கதைத்த சொந்தக்காரரும் உண்டு. அவர்களை நான் வீட்டுக்குள் எடுப்பதில்லை.

இனி என் பெரிய குற்றத்தைச் சொல்கிறேன். அன்றைக்கே தங்கச்சி உனக்கு எழுதப் பேனாவை எடுத்தாள். நான் மறித்தேன். நான் செய்த பிழைக்கு என் கையால்தான் எழுதவேண்டும், நீ எழுதாதே, இதைப்பற்றி ஒரு சொல்லும் எழுதாதே என்று அம்மாமேல் சத்தியம் வாங்கினேன். அவள் எத்தனை தரம் கேட்டாள், அத்தனை தரமும் நாளைக்கு எழுதுவேன் என்றேன். முதலில் வரிகள் வளைந்து போகின்றன என்று சாட்டுச் சொன்னேன். அவள் சிவப்புக் கோடு போட்டுத் தந்தாள். வரி நேரான பிறகும் எழுதவில்லை. ஏனென்றால் சுவரைப் பார்த்த கதையை எழுதினால் ஏணியடிக் கதையையும் எழுதவேண்டும். கட்டிலில் கிடந்தவன் முகத்தைத் திருப்பினான் என்று நீ நம்பியதற்குக் காரணம் லோஞ்சில் நின்றவன் உண்மையிலேயே திருப்பியிருந்ததுதான். டொக்டர் எடுத்த மூளைப் படத்தில் அதற்கு ஒரு பழுதும் காட்டமுடியாது. அந்த வெட்கத்தில் இரண்டு வருஷத்தைக் கடத்தினேன். அம்மா உன்னை மறுபடி காணாமல் செத்துப்போனாள். கடைசிக் கிழமையில் வாசலில் யார் நிழல் விழுந்தாலும் உன் பெயரைச் சொன்னாள். அதற்கு மூளை பொறுப்பில்லை. நான்தான்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். கோபத்தில் முகத்தைத் திருப்பிவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று இருந்துவிடாதே. பிறகு திருப்ப நினைக்கும்போது கழுத்து உன்னுடைய சொல் கேட்காமல் போகலாம். எனக்கு அப்படித்தான் போனது.

இப்போது நான் தடியோடு கொஞ்சம் நடக்கிறேன். இடக்கை எழும்பவில்லை, இனி எழும்பாது. இடப்பக்கம் தானாக எனக்கு வருவதுமில்லை, ஒவ்வொரு தரமும் நினைத்துத் தேடிப் போகவேண்டும். தங்கச்சி அந்த மணிக்கட்டில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறாள், அதைத் தேடிப் பிடிப்பது தினமும் காலையில் என் வேலை. சில நாள் உடனே அகப்படும். சில நாள் தேநீர் ஆறிப்போகும்.

திவசத்துக்கு வா. கட்டில் இன்னும் வடக்கே தலைமாடாகத்தான் கிடக்கிறது, நீ வாசலில் நின்றாலே இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கே நின்றுவிடாதே. நானாவிடம் சொல்லிக் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு கதிரை அளவுக்குத் தள்ளிப் போட்டிருக்கிறேன். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இரு. அன்றைக்குப் பிடித்த அதே கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா என்று ஒருதரம் கூப்பிடு. அந்தக் கை உன்னைத் திருப்பிப் பிடிக்காது, அதற்காக எழும்பிப் போய்விடாதே. நான் முதலில் மற்றப் பக்கம் பார்ப்பேன். அப்போதும் போய்விடாதே. எனக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். மூன்று நாள் இருந்தவன் நீ, இன்னும் கொஞ்சம் இரு. சிவப்புத் துணியைத் தேடிக்கொண்டு வருவேன், துணிக்குமேல் உன் கை இருக்கும், கைக்குமேல் உன் முகம் இருக்கும்.

அப்பா